ஆழத்துக்கு அனுப்பலாமா குப்பையை?

குப்பையைப் பூமியின் அடி ஆழத்தில் இறக்கிவிடலாம் என்பதைக் கிறுக்கு யோசனை என்று ஒதுக்கிவிட முடியாது. பின்லாந்து அதற்காகவே ஒல்கிலுவோட்டோ தீவில் 400 மீட்டருக்கும் கீழே சுரங்கம் குடைந்து வைத்திருக்கிறது. ஏறக்குறைய 190 கோடி ஆண்டு பழைய பாறை; செப்பு உருளைகள்; சுற்றிலும் பென்டோனைட் களிமண். ஆனால் அங்கே போகப்போவது பயன்படுத்தி முடித்த அணு எரிபொருள். அளவு கொஞ்சம், ஆபத்து பெரிது. அதனால் ஒவ்வொரு உருளைக்கும் காசை வாரி இறைக்கலாம். தெருக் குப்பைக்குக் கணக்கு தலைகீழ்.

ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் 1970இல் தொடங்கி 1989இல் 12,262 மீட்டர் வரை துளையிட்டார்கள். அடியில் வெப்பம் 180 பாகை செல்சியஸை எட்டியதும் மேற்கொண்டு இறங்க முடியவில்லை. துளையின் அகலம் ஒரு சாண்தான். முழுக் கொள்ளளவு சுமார் 500 கன மீட்டர். சென்னை நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை கொட்டுகிறது. கன மீட்டருக்கு ஒரு டன் என்று இறுக்கி அமுக்கினாலும், பத்தொன்பது ஆண்டு உழைப்பு இரண்டரை மணி நேரத்தில் நிரம்பிவிடும்.

நாம் ஏன் துளைக்க வேண்டும், ஒரு கண்டத்தட்டு இன்னொன்றின் அடியில் செருகும் இடத்தில் போட்டால் பூமியே விழுங்கிக்கொள்ளாதா என்பார்கள். நமக்கு அருகில் அப்படிப்பட்ட இடம் அந்தமான் பக்கம். தட்டு நகர்வது ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர். அதன் மேல் படிந்த வண்டலில் கணிசமான பகுதி உள்ளே போகாமல் மேல்தட்டின் விளிம்பில் வழித்து ஒதுக்கப்படுகிறது. அப்படி ஒதுங்கிக் குவிந்த வண்டலுக்கு அந்தமான் தீவுகள் உருவானதில் பெரும்பங்கு உண்டு. போட்டது நம் பக்கமே திரும்பும்.

சரி, நம் காலடிப் பாறையிலேயே புதைத்தால் என்ன? குயிலாப்பாளையத்தை எடுத்துக்கொள்வோம். ஆரோவிலுக்குப் போகும் வழியில் விடுதியும் உணவகமுமாகப் பெருகிவிட்ட ஊர். குப்பையும் அதற்கேற்பப் பெருகாமல் இருக்காது. காலடியில் செம்மண், அதன் கீழே கடலூர் மணற்பாறை. இந்த வட்டாரத்து ஆழ்துளைக் கிணறுகள் குடிக்கவும் பாய்ச்சவும் உறிஞ்சுவது இந்தப் பாறையிலிருந்தும் அதற்குக் கீழுள்ள அடுக்குகளிலிருந்தும்தான். அளவுக்கு மீறி இறைத்தால் கடல்நீர் உள்ளே ஏறும். உப்பு மரக்காணத்து உப்பளப் பாத்தியில் விளையட்டும், கிணற்றில் வேண்டாம்.

இந்தப் பாறை எதையாவது பூட்டி வைக்குமா? பதில், குயிலாப்பாளையம் இருக்கும் அதே வானூர் வட்டத்துத் திருவக்கரையில் கிடக்கிறது. அங்குள்ள கல்மரங்கள் சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் இதே மணற்பாறையில் புதைந்தவை. இத்தனை காலம் அசையாமல் கிடக்கின்றனவே, அதுவே சாட்சி என்று ஆழத்தின் ஆதரவாளர் சொல்லலாம். சாட்சி எதிர்த்தரப்புக்கே உதவுகிறது. வடிவம் நின்றது, மரத்தின் பொருள் பெரும்பாலும் போய்விட்டது. சிலிக்கா கலந்த நிலத்தடி நீர் உயிரணு உயிரணுவாக நுழைந்து மரத்தைக் கல்லாக்கியது. அவ்வளவு தண்ணீர் ஊடுருவும் இடத்தில் குப்பையை வைத்தால், கரைவதெல்லாம் கிணற்றைத் தேடிப் போகும்.

உப்புச் சுரங்கம்கூடக் கைவிட்டிருக்கிறது. ஜெர்மனியின் ஆஸ்ஸே சுரங்கத்தில் 1967 முதல் 1978 வரை சுமார் 1,26,000 கதிரியக்கக் கழிவுப் பீப்பாய்களை இறக்கினார்கள். தண்ணீர் புகுந்தது. திரும்ப வெளியே எடுப்பதென்று 2013இல் சட்டமே போட வேண்டியதாயிற்று.

என் தீர்ப்பு இது: மிகக் கொஞ்சமான, மிகக் கொடிய கழிவுக்கு, நீர் புகாத கெட்டிப் பாறையில் ஆழம் ஏற்கத்தக்கது. ஊர்க் குப்பைக்கு இல்லை. நம் 2016 திடக்கழிவு விதிகளே குப்பை நிரப்புமிடத்தின் அடித்தளம் உச்ச நிலத்தடி நீர்மட்டத்துக்கு இரண்டு மீட்டராவது மேலே இருக்க வேண்டும் என்றன. அங்கும் மக்குவதைப் பிரித்து எருவாக்கி, விற்கக்கூடியதை விற்று, எதற்கும் உதவாத மிச்சம் மட்டுமே போக வேண்டும்.

ஆழ்துளை வராது, அதன் மலிவுப் பதிப்பு வரக்கூடும். பெங்களூருவில் கைவிட்ட கல்குவாரிகளில் குப்பையைக் கொட்டியிருக்கிறார்கள். திருவக்கரைப் பக்கமும் கல்குவாரிகளுக்குப் பஞ்சமில்லை. அந்தக் குழிகளை யாராவது சுட்டிக்காட்டினால், அவற்றில் தேங்கி நிற்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று எழுத்தில் பதில் வாங்காமல் ஒரு வண்டியைக்கூட உள்ளே விடக்கூடாது.