வயலில் நின்ற ஆசிரியர்: டோட்டோ-சானும் நம் உழவு அதிகாரமும்



தெட்சுகோ குரோயாநாகியின் 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி' உங்களில் பலர் படித்த நூல்தான். ஜப்பானில் 1981-இல் வந்தது. தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டது. ரயில் பெட்டி வகுப்பறையைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். விவசாய ஆசிரியர் வரும் சின்ன அத்தியாயத்தை அவ்வளவாக யாரும் கண்டுகொள்வதில்லை. பள்ளித் தோட்டம் போடும் ஆசிரியர்கள் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான்.

தோக்கியோவில் 1937-இல் தொடங்கிய டோமோயி பள்ளி. தலைமையாசிரியர் கொபயாஷி ஒரு விவசாயியை அழைத்து வந்து, இன்று இவர்தான் உங்கள் ஆசிரியர் என்கிறார். அவரோ கூச்சப்பட்டு, நான் வெறும் விவசாயி என்று மறுக்கிறார். தலைமையாசிரியர் விடுவதாக இல்லை. பிறகு நகரத்துப் பிள்ளைகள் களை பிடுங்குகிறார்கள், பாத்தி கட்டுகிறார்கள், விதை போடுகிறார்கள்.

இந்த அத்தியாயத்தின் பலம் எது? உழவு உயர்ந்தது என்று நூலாசிரியர் எங்கும் உபதேசம் செய்யவில்லை. களை வெயிலை மறைக்கும், பூச்சிக்கு ஒளிய இடம் தரும், மண்ணின் சத்தைத் தின்னும் என்று விவரம் மட்டும் தருகிறார். மரியாதை அந்த விவரத்திலிருந்தே பிறக்கிறது. 'ஆசிரியர்' என்ற சொல் யாருக்குரியது என்ற கேள்வியும் சத்தமில்லாமல் எழுகிறது.

ஆனால் இதை மெர்லிமாவில் உட்கார்ந்து படிக்கும்போது எனக்கு ஒன்று இடித்தது. ஏன் என்று சொல்கிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் தமிழ்மொழிக் கழகப் பிள்ளைகளோடு வெண்டையும் மிளகாயும் போட்டேன். மலாக்கா நகரத்திலிருந்து மாற்றலாகி வந்த ஒரு மாணவி, வெண்டைக்காய் மேல்நோக்கி நிற்கும் என்பதையே அன்றுதான் பார்த்தாள். பேரனைக் கூட்டிப்போக வந்த ஒரு பாட்டி வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, "இவ்ளோ நெருக்கமா நட்டா காத்து எப்படிப் போவும் டீச்சர்? ஒண்ணு விட்டு ஒண்ணு பிடுங்குங்க" என்றார். எனக்கு உடனே கொபயாஷி ஞாபகம் வந்துவிட்டது. "புதன்கிழமை வந்து நீங்களே சொல்லிக்கொடுங்க பாட்டி" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "நான் சங்குல் பிடிச்சது போதும். இவனாவது பேனா பிடிக்கட்டும்."

டோமோயி அத்தியாயத்தில் இல்லாதது இந்தக் குரல்தான். அங்கே மண் பிள்ளைகளுக்கு ஒரு புதுமை. இங்கே அது பெரட்டுக் களம், கங்காணியின் அதட்டல், நாள் சம்பளம். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்கச் சொன்னது. கொட்டகையில் நடந்த அந்தப் பள்ளிகள் பலருக்குப் பால்மரக் காட்டை விட்டு வெளியேறும் வழியாகவே தெரிந்தன. அப்படி வெளியேறிய குடும்பத்துப் பிள்ளையிடம் மறுபடி சங்குலைக் கொடுத்தால் பாட்டிக்கு நெஞ்சு பதறாதா? நூலை நான் குறை சொல்லவில்லை. அதை அப்படியே நகலெடுக்கும் நம் வாசிப்பைத்தான் குறை சொல்கிறேன்.

நாம் உழவு அதிகாரத்தை நடத்தும் விதமும் இப்படித்தான். திருக்குறளின் 104-ஆம் அதிகாரம். உழவர் உலகைத் தாங்குகிறார் என்ற புகழ்ச்சிக் குறள்களை மனனம் செய்ய வைக்கிறோம். 1037-ஆம் குறளில் வள்ளுவர் அளவு சொல்கிறார்: ஒரு பலம் புழுதி கால் பலமாகக் காயும்படி உழுதால் ஒரு பிடி எருவும் வேண்டாம். அடுத்த குறளில் எரு, களை, நீர், காவல் என்று வேலைகளை வரிசைப்படுத்தி, எதைவிட எது முக்கியம் என்கிறார். பாட்டி பேசியதும் இதே மொழிதான். உழவரைப் புகழ்வதோடு நில்லாமல், உழவரின் அறிவை அறிவாக மதிக்கும் இந்தக் குறள்களை நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம்.

மாணவர்களே, திறனாய்வு எழுதும்போது 'ஆசிரியர் உழவின் சிறப்பை அழகாகக் கூறியுள்ளார்' என்று முடித்துவிடாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். படைப்பு எந்த விவரத்தால் நம்மை நம்ப வைக்கிறது? அதில் யாருடைய குரல் இல்லை? நம் ஊரில் வைத்துப் படித்தால் பொருள் எங்கே மாறுகிறது? மூன்றாவது கேள்விக்கு விடை உங்கள் வீட்டில்தான் இருக்கும். தாத்தா பாட்டியிடம் பேசுங்கள்.

ஆசிரியர்களே, தோட்டம் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பிள்ளைகள் கையில் சங்குலைக் கொடுக்கும் முன், அதைப் பிடித்துக் காய்ப்பேறிய கைகளின் கதையைக் கேட்க வையுங்கள். தண்டனையாக மட்டும் தோட்ட வேலை கொடுக்காதீர்கள். அது பழைய காயத்தைக் கீறும்.

அந்தப் பாட்டி? அடுத்த புதன் நிழலில் ஒரு நாற்காலி போட்டு வைத்தேன். வந்தார். சங்குலைத் தொடவே இல்லை. உட்கார்ந்தபடி வாயால் சொன்னார். பேரன் பேனாவால் எழுதிக்கொண்டான். ஒன்று விட்டு ஒன்று பிடுங்கினோம். மிச்சம் நின்ற செடிகள் நன்றாகவே காய்த்தன.