கூத்தாடியா, கலைஞனா?

முத்தமிழ் என்று மேடைதோறும் முழங்குகிறோம். இயலைப் பள்ளியில் வைத்தோம்; இசையை அரங்கில் வைத்தோம்; நாடகத்தை மட்டும் கூத்தாடியின் குடிசைக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டோம். ஆடலரங்கின் நீள அகலத்தையும் அளந்து சொல்ல ஒரு காதையையே ஒதுக்கினார் இளங்கோ. எட்டு மெய்ப்பாடுகளுக்குத் தொல்காப்பியத்தில் ஓர் இயலே உண்டு. இவற்றை மனப்பாடம் செய்து பட்டம் பெற்றவர்களே, திரைப்பட நடிப்பென்றால் முகம் சுளித்து, "அது காமிரா செய்யும் ஜாலம்" என்று தள்ளிவிடுகின்றனர்.

அவர்கள் வாதம் வலுவற்றதன்று. மேடையில் தவறினால் தவறியதுதான். திரையிலோ பத்து முறை எடுத்து, நல்லதை ஒட்டிக் கெட்டதை வெட்டி எறிகிறார்கள். குரலைக்கூட வேறொருவர் தருவதுண்டு. பின் நடிகனின் திறம் எங்கே?

விடை ஒரே மனிதரிடம் இருக்கிறது. சினிமாவைச் சமூக நோய்களுள் ஒன்றாக எண்ணிய பெரியாரே, அண்ணாவின் 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் நடித்த வி.சி. கணேசனுக்குச் சிவாஜி எனப் பெயர் சூட்டினார். 1952இல் 'பராசக்தி'யின் வழக்குமன்றத்தில் அவர் வாய் திறந்தபோது தமிழகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆயினும் ஒன்று சொல்வேன். தோழர்கள் சினம் கொள்ள வேண்டா. அங்கே வென்றவை கலைஞரின் எழுத்தும் கணேசனின் நாவும். மேடையிலும் அவை வென்றிருக்கும். 1985இல் பாரதிராஜாவின் 'முதல் மரியாதை'யில் அதே மனிதர் குரலைத் தாழ்த்திக் கண்ணைப் பேசவிட்டார். கடைசி வரிசைக்கும் எட்டும்படி முகத்தை விரித்துப் பழகியவர், முழ தூரத்தில் ஒரு கண் தன்னைப் பார்க்கிறதென்று அறிந்து அடக்கி ஆண்டார். அந்த அடக்கத்தை எந்தக் கத்தரி வெட்டி ஒட்டும்?

கட்அவுட்டுக்குப் பாலூற்றும் இளைஞனுக்கும் இது தெரிவதில்லை. பண்டிதர் நடிகனின் பிறப்பைப் பார்க்கிறார். இவன் ஆளைப் பார்க்கிறான். நடிப்பைப் பார்க்கத்தான் எவருமில்லை.

தேவாரத்தார்க்கு இன்னும் நெருங்கிய சான்று உண்டு. லெனின் பாரதி இயக்கி 2018இல் வெளிவந்த 'மேற்குத் தொடர்ச்சி மலை', ஏலத்தோட்டத்துக்கும் அடிவாரத்துக்குமிடையே சுமை தூக்கும் ரங்கசாமியின் கதை. ரங்கசாமியாக வருபவர் ஆண்டனி. இசை, பக்கத்துப் பண்ணைப்புரத்து இளையராஜா. உடன் நடித்தோர் பலர் இம்மண்ணின் மக்கள். "அவர்கள் நடிக்கவில்லை, இருந்தபடி இருந்தார்கள்" என்று பாராட்டினர் சிலர். பாராட்டா அது? சுமப்பவன் சுமையை மட்டுமே அறிவான், கலையை அறியான் என்பதன்றோ அதன் பொருள்! மலைப்பாதையில் மூட்டையோடு ஏறுகிறவனுக்குத் தன்னைப் பார்த்துக்கொள்ள நேரமில்லை. பார்த்தால் கால் இடறும். படத்தில் ஏறுகிறவனோ, பிறர் பார்ப்பதை அறிந்தும் அறியாதவனாக ஏறவேண்டும். மூச்சிரைப்பும் பொய்யாகிவிடக் கூடாது. முயன்று பார்த்தவர்க்கே அதன் கடுமை விளங்கும்.

சொந்தமாகக் கையளவு நிலம் வேண்டுமென்று வாழ்நாளெல்லாம் நடந்தவன், இறுதியில் தன்னுடையதாயிருந்த மண்ணிலேயே காற்றாலைக்குக் காவலாளியாகிறான். கையை உயர்த்தி அனல் பறக்கப் பேசவைத்திருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும். அங்கே பேச்சுக்கு இடமில்லை. சீருடைக்குள் ஒடுங்கிய உடல் ஒன்றே உண்டு. வருத்தத்திலும் மென்மையிலும் இளிவரல் பிறக்கும் என்கிறது மெய்ப்பாட்டியல். வகுப்பில் அதற்கு எடுத்துக்காட்டுக் கேட்டால், நான் உரையாசிரியர்களைத் தேடிப் போகமாட்டேன். அந்தக் காவலாளியைக் காட்டுவேன்.