தோடியைத் தேடிய காது

மாட்டுங்கா சபாக்களில் முப்பது ஆண்டுகள் கச்சேரி கேட்ட காது என்னுடையது. அந்தக் காதோடுதான் சென்ற டிசம்பரில் தென் மும்பை அரங்கம் ஒன்றுக்கு, இங்கிலாந்திலிருந்து வந்திருந்த இசைக்குழுவைக் கேட்கப் போனேன். டிக்கெட் வாங்கியவள் என் மகள். எட்டு வருடமாக மேற்கத்திய வயலின் கற்கிறாள்.

முதல் உருப்படி, வான் வில்லியம்ஸ் இயற்றிய 'டாலிஸ் ஃபேண்டசியா'. தந்தி வாத்தியங்கள் மட்டுமே. 1910-இல் குளோஸ்டர் பேராலயத்தில் அரங்கேறியது. இதன் மூல மெட்டு தாமஸ் டாலிஸ் 1567-இல் ஆங்கிலச் சங்கீத நூல் ஒன்றுக்காக அமைத்த ஒன்பது மெட்டுகளில் ஒன்று. 1906-இல் வெளியான துதிப்பாடல் தொகுப்புக்கு இசைப் பதிப்பாசிரியராக இருந்த வான் வில்லியம்ஸ், அதை அதில் சேர்த்தார்.

மெட்டு, ஃபிரிஜியன் என்னும் பழைய முறையில் அமைந்தது. ஸ்வரங்களை எண்ணினால் அப்படியே நம் ஹனுமத்தோடி! சும்மா இருக்குமா நம்ம காது? "தோடிம்மா!" என்று மகளிடம் கிசுகிசுத்தேன். பக்கத்து இருக்கை மராட்டிய அன்பர் தம் மனைவியிடம் "பைரவி" என்றார். இந்துஸ்தானியில் அதே ஸ்வரங்களுக்கு அதுதான் பெயர். ஆளுக்கு ஆள் தம் வீட்டுப் பெண் என்று உரிமை கொண்டாடினோம். "எல்லாம் நம்மகிட்டேருந்து போனதுதான்" என்று மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்குவது எளிது, நானும் வாங்கியிருக்கிறேன். வயலின் அங்கிருந்து இங்கே வந்ததைச் சொல்ல மட்டும் மறந்துவிடும்.

ஆனால் ஐந்தே நிமிடத்தில் ஏமாற்றம். காந்தாரம் அசையவே இல்லை. நட்ட கழி மாதிரி நின்றது. அசையாத காந்தாரத்தோடு தோடி ஏது? ராஜரத்தினம் பிள்ளையின் நாதஸ்வரத்தில் ஊறியவன் இதை எப்படி ஒப்புக்கொள்வான்? என் முகத்தைப் பார்த்துவிட்டு மகள் சொன்னாள்: "அப்பா, தோடியைத் தேடாதீங்க. யாரு எங்கேருந்து வாசிக்கிறாங்கன்னு கேளுங்க."

கேட்டேன். பெரிய குழு ஒன்று, ஒன்பது பேர் கொண்ட சிறு குழு ஒன்று, இவை தவிர நால்வர் தனியாக. பெருங்குழு முழங்கி ஓய்ந்ததும் சிறுகுழு அதையே மெல்ல, எங்கோ பிராகாரத்துக்கு அப்பாலிருந்து வருவதுபோல் திருப்பிச் சொல்கிறது. நாம் ஸ்வரத்தை அசைக்கிறோம்; இங்கே ஸ்வரம் நிற்க, தூரம் அசைகிறது. நடுவில் வயோலா தனித்து எழுந்தபோது எனக்குக் கமகமே மறந்துபோயிற்று.

குறையும் சொல்ல வேண்டும். சிறுகுழு முடிந்தவரை விலகி அமர வேண்டும் என்பது இசையமைப்பாளரே எழுதிய குறிப்பு. வந்தவர்களோ அந்த ஒன்பது பேரையும் பெரிய குழுவின் முதுகுக்குப் பின்னாலேயே உட்காரவைத்திருந்தார்கள். பால்கனி பாதி காலி! மாடியிலிருந்து வர வேண்டிய பதில், அடுத்த நாற்காலியிலிருந்து வந்தது. இந்தப் படைப்பில் இது சின்னக் குறையல்ல.

அடுத்து அதே இசையமைப்பாளரின் 'லார்க் அசெண்டிங்'. வானம்பாடி அளவெடுத்துப் பறந்தது. அரங்கம் உருகியது, நான் உருகவில்லை. எல்கரின் 'எனிக்மா'வில் ஒன்பதாவதான 'நிம்ராட்' முடிந்ததும் இடையிலேயே பலத்த கைதட்டல். நடத்துநர் சிரித்தபடி காத்திருந்தார். நம் ஊரில் ஆலாபனைக்கு நடுவே தட்டுவதில்லையா, போகட்டும்.

சர்ச்கேட்டிலிருந்து திரும்பும் ரயிலில் டாலிஸ் மெட்டை முணுமுணுத்துப் பார்த்தேன். காந்தாரம் தானாக அசைந்தது. மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இன்னொரு தடவைப்பா, நேரா நிறுத்துங்க" என்றாள். மாட்டுங்கா ரோடு வரும்வரை நிற்கவில்லை.