டிக்கியில் ஏறும் நாய்க்கு என்ன விரிப்பது?

காரில் நாயை ஏற்றுகிறவர்கள் முதலில் வாங்குவது ஒரு தரைவிரிப்பைத்தான். அழுக்கு எல்லாம் கீழேதானே விழும் என்ற கணக்கு அது. சின்னசேலத்திலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாகக் கல்வராயன் மலைக்கு நாயோடு போய் வந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வளைவு திரும்பும்போதெல்லாம் நாய் பக்கச் சுவரில் சாய்ந்து நிற்கும். ஓடையில் இறங்கி வந்து உடம்பை உதறினால் செம்மண் தண்ணீர் பின்கண்ணாடி வரைக்கும் தெறிக்கும். முன்னால் என்ன நடக்கிறது என்று பார்க்கப் பின்சீட்டின் முதுகில் காலை வைக்கும், எச்சில் சீட்டில் ஒழுகும். தாவி இறங்கும்போது நகம் பம்பரைக் கீறும். விரிப்பின் மேல் விழுகிற முடிதான் இதில் மிகச் சுலபமான பிரச்சினை.

எங்கள் வண்டி வேகன்ஆர், டிக்கி 341 லிட்டர். மேலே இருக்கும் தட்டைக் கழற்றிவிட்டால் நாய் தலை நிமிர்ந்து உட்காரலாம், ஏசி காற்றும் பின்னால் வரும். பின்சீட்டில் ஒரு பக்கத்தை மடக்கினால் இரண்டு நாய்க்கும் இடம் போதும். ஒன்று ஜூலி, லேப்ரடார். இன்னொன்று செவலை, ஊர் நாட்டு நாய். தடுப்பூசிக்கும் மருத்துவத்துக்கும் தலைவாசல் பக்கம், மலையில் இருக்கும் சொந்தக்காரர் காட்டுக்கு மாதத்தில் சில நடை என்று இருவரும் டிக்கியிலேயே வளர்ந்தவர்கள். தலைவாசலில் 2021-ல் கால்நடை மருத்துவக் கல்லூரி திறந்த பிறகு இந்தப் பக்கத்தில் நாயைக் காரில் ஏற்றிப் போகிறவர்கள் கூடியிருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நான் சொல்வதெல்லாம் ஹேட்ச்பேக், எஸ்யூவி வகைக் கார்களுக்கு மட்டும்தான். செடான் காரின் டிக்கி, மூடினால் காற்றும் வெளிச்சமும் போகாத பெட்டி. அதில் நாயை ஐந்து நிமிடம்கூட அடைக்கக் கூடாது. துன்பம் தரும் விதத்தில் விலங்கை வண்டியில் ஏற்றிச் செல்வது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். செடான் வைத்திருப்பவர்கள் நாயைப் பின்சீட்டில் ஏற்றட்டும்.

ஜூலிக்கு இரட்டை அடுக்கு முடி. உள்ளடுக்குப் பஞ்சு மாதிரி கொத்துக் கொத்தாக உதிரும், கையால் அள்ளிவிடலாம். செவலையின் முடி குட்டையானது, விறைப்பானது. ராஜபாளையம், சிப்பிப்பாறை வளர்ப்பவர்களுக்கும் இது தெரியும்: பார்க்கக் கொஞ்சம்தான் உதிர்கிறது, ஆனால் ஒவ்வொரு முடியும் டிக்கி கார்ப்பெட்டின் இழைக்குள் ஊசியாக இறங்கிவிடும். வாட்டர் சர்வீஸில் வேக்குவம் போட்டாலும் பாதிதான் வரும். மீதியை எடுக்க நான் கண்ட ஒரே நல்ல வழி, பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை லேசாக நனைத்து ஒரே திசையில் இழுத்துத் தேய்ப்பதுதான். ரப்பரின் பிடியில் முடி திரண்டு கயிறு கயிறாக வரும். கார்ப்பெட்டுக்கு முடி போகாமலே தடுத்துவிட்டால் இந்த வேலையே இல்லை. அதற்காகத்தான் இத்தனை விரிப்புகளைப் போட்டுப் பார்த்தது.

ஆன்லைனில் கிடைக்கும் ஆக்ஸ்போர்டு துணி விரிப்பை எடுத்துக்கொள்வோம். ஆயிரத்திலிருந்து இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் வரைக்கும் பல பெயர்களில் வருகிறது, உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரே சரக்கு. மேலே பாலியெஸ்டர் துணி, நடுவில் மெல்லிய பஞ்சு, அடியில் தண்ணீர் புகாத பூச்சு. தலைச்சாய்வில் மாட்டிவிட்டால் தொட்டில் போல நின்று பின்சீட்டின் முதுகையும் பக்கச் சுவரையும் மூடும். வடிவமைப்பில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. ஒரு செம்பு தண்ணீரை நடுவில் ஊற்றி, அடியில் செய்தித்தாள் பரப்பி, ஓர் இரவு விட்டுப் பார்த்தேன். நடுப்பகுதி தாங்கியது. தையல் ஓடிய இடமெல்லாம் தாள் நனைந்து கோடு கோடாக இருந்தது. தண்ணீரே இப்படி என்றால் சிறுநீர் என்ன ஆகும்? பஞ்சுக்குள் போய்த் தங்கி, மறுநாள் வெயிலில் அமோனியா வாடையாக எழும்.

இன்னொரு எதிரி நெருஞ்சி முள். காட்டில் ஓடிவிட்டு வரும் நாயின் பாதத்தில் ஒட்டிக்கொண்டு வரும், அது உட்காரும்போது துணிக்குள் இறங்கும். நம் காடுகளில் நடமாடிய நாயின் விரிப்பைச் சில வாரம் கழித்து வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் அடிப்பூச்சில் பொடிப் பொடித் துளைகளாக வெளிச்சம் தெரிகிறது. நாயுருவி விதையோ மேல்துணியில் கவ்விக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுத்தால்தான் வருகிறது. நகரத்துப் பூங்காவில் நடந்துவிட்டு வீடு திரும்பும் நாய்க்கு இந்த விரிப்பு தாராளமாகப் போதும். கல்வராயன் அடிவாரத்துக்குப் போதாது.

காருக்கென்றே அச்சில் வார்த்த டிக்கி மேட் வேறு ரகம். ஓரம் உயர்ந்த தட்டு, தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் கீழே இறங்காது, ஹோஸ் பிடித்து அடித்தால் சுத்தம். ஆனால் அது பெட்டி படுக்கைக்காகச் செய்தது. நாய் அதில் வழுக்கும். வழுக்கும் நாய் பயப்படும், பயந்த நாய் நகத்தை ஊன்றும், எச்சில் வடிக்கும், கடைசியில் வாந்தி எடுக்கும். விரிப்பின் பிடிமானத்தை நாயின் வசதி என்று மட்டும் நினைக்க வேண்டாம், டிக்கியின் சுத்தமும் அதில்தான் இருக்கிறது. மக்காச்சோளம் காயப்போடும் தார்ப்பாயை மடித்துப் போடுவதிலும் இதே குறைதான். அதோடு நாய் அசையும்போதெல்லாம் அது சரசரக்கும். செவலை அந்தச் சத்தத்துக்கே ஏற மாட்டேன் என்று நின்றுவிட்டான்.

பிடிமானத்துக்கு விடை மாட்டுக்கொட்டகையில் இருந்தது. கறவை மாட்டுக்குக் கீழே போடும் ரப்பர் மேட்டைத்தான் சொல்கிறேன். தீவனக் கடைகளிலும் பால் பண்ணைச் சாமான் விற்பவர்களிடமும் கிடைக்கும். மாடு வழுக்காமல் இருக்க மேற்புறம் சொரசொரப்பாகவும், மூத்திரம் வடிய அடியில் பள்ளம் பள்ளமாகவும் வார்த்திருப்பார்கள். மாட்டையே தாங்குவதற்கு நாய் எம்மாத்திரம்! டிக்கி அளவுக்கு அட்டையில் மாதிரி எடுத்து, கத்தியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து நனைத்து வெட்டினால் நேராக வரும். போட்டதும் ஜூலி கால் பரப்பிப் படுத்தாள், வளைவில்கூட எழுந்திருக்கவில்லை. நெருஞ்சி முள் அதன் மேலேயே நிற்கிறது. முடி ஒட்டாது, விளக்குமாற்றால் ஒரு தள்ளு தள்ளினால் போய்விடும். குறை இரண்டு. கனம்: டிக்கி அளவுத் துண்டே பத்துக் கிலோவுக்குக் குறையாது, அடிக்கடி எடுத்துப் போட முதுகு வேண்டும். வாடை: புது ரப்பர் மூடிய காரில் தலைவலி கொடுக்கும். நல்ல வெயிலில் பல நாள் காயவிட்டுக் கழுவிய பிறகே வண்டியில் ஏற்ற வேண்டும்.

மேட் தரையைப் பார்த்துக்கொள்ளும். சுவர், சீட் முதுகு, பம்பர்? இதற்கு ஊர்க் குஷன் கடைக்காரரை விட்டால் ஆள் இல்லை. வண்டியை நிறுத்தி அவரையே அளவெடுக்கச் சொல்லுங்கள். பலரும் முதலில் ரெக்ஸினைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். வேண்டாம். அதன் பின்பக்கத் துணி ஓரத்தில் ஈரத்தை உறிஞ்சும், வெயில் பட்டுப் பட்டு மேல்தோல் வெடிக்கும். லாரிக்குப் போடும் பிவிசி தார்ப்பாய்த் துணியைக் கேளுங்கள். சேலம் நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்களில் அதற்குப் பஞ்சமில்லை. தரைப்பகுதி முழுவதும் ஒரே துண்டாக இருக்க வேண்டும், அதில் ஒரு தையலும் விழக் கூடாது. மூலைகளை வெட்டாமல் உறை மடிப்பதைப் போல மடித்து மேலே ஏற்றித் தைக்கச் சொன்னால் தொட்டி மாதிரி நிற்கும், சிந்தியது உள்ளேயே நிற்கும். நாயின் மார்புப் பட்டையை (ஹார்னஸ்) மாட்டும் வளையத்துக்கு மட்டும் வாய் வெட்டி ஓரம் அடிக்க வேண்டும். நாயைக் கழுத்துப் பட்டையில் கட்டி வண்டி ஓட்டாதீர்கள், திடீர் பிரேக்கில் கழுத்து இறுகும்.

நான் நிலைத்திருப்பது இந்தக் கூட்டணியில்தான்: கீழே தார்ப்பாய்த் துணித் தொட்டி, அதன் மேல் மாட்டு மேட். ஆன்லைன் விரிப்பைவிடச் செலவு கூடும்தான், ஆனாலும் ஊரில் காடு கழனிக்குப் போய்வரும் நாய் வைத்திருக்கும் யாருக்கும் இதையே சொல்வேன்.

கோடைக்கு ஒரு எச்சரிக்கை. பிவிசியும் ரப்பரும் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் நின்ற வண்டியில் நாயை ஏற்றுமுன் மேட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், கை பொறுக்காவிட்டால் பாதமும் பொறுக்காது. மேலே பழைய பருத்திப் போர்வையை விரித்தால் சூடும் தணியும், முடியும் அதில் சேரும், உதறிவிடலாம். வண்டியை நிறுத்திவிட்டு நாயை உள்ளே விட்டுப் போவதை எந்த விரிப்பும் சரிசெய்யாது. ஸ்டான்போர்டு மருத்துவர்கள் 2005-ல் அளந்து பார்த்தபோது, வெயிலில் மூடி நிறுத்திய காரின் உள்சூடு ஒரு மணி நேரத்தில் சுமார் 22 டிகிரி செல்சியஸ் ஏறியது. அதில் பெரும்பகுதி முதல் அரை மணியிலேயே ஏறிவிட்டது.

கழுவும்போது ஃபினாயிலை ஒதுக்கிவிடுங்கள். நாய் பாதத்தை நக்கும், அது வயிற்றுக்குள் போகும். சிறுநீர் வாடைக்கு ஆப்பசோடாவைத் தூவிச் சற்று நேரம் விட்டுக் கழுவினாலே போதும். கழுவுகிற சாக்கில் தொட்டியையும் வெளியே எடுத்து அடியைப் பாருங்கள். உண்ணி அங்கேதான் ஒளியும். இரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி நாயை விட்டு இறங்கி, இடுக்கு தேடி, ஆயிரக்கணக்கில் முட்டையிடும். விரிப்புக்கும் கார்ப்பெட்டுக்கும் நடுவே உள்ள இருட்டு அதற்குத் தோதான இடம். ஸ்டெப்னிக் குழி வரைக்கும் டார்ச் அடித்துப் பார்த்துவிடுவது நல்லது.

தொட்டியைத் தைக்கக் கொடுக்கும்போது பம்பரை மூடும் நாக்குப் பகுதியைத் தனித் துண்டாக வெல்க்ரோ வைத்து ஒட்டும்படி கேட்டு வாங்குங்கள். நாய் ஏறி இறங்கும்போது வெளியே தொங்கட்டும், கதவை மூடுமுன் உள்ளே மடித்துவிடுங்கள். ரப்பர் பீடிங்கில் அதன் ஓரம் மாட்டிக்கொண்டால் ஐப்பசி மழையில் தண்ணீர் அந்தத் துணி வழியாகவே டிக்கிக்குள் இறங்கும்.