முன்னணையா, தீவனத் தொட்டியா?

கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் நள்ளிரவுத் திருப்பலியில் லூக்கா நற்செய்தியின் 2ஆம் அதிகாரம், முதல் 14 வசனங்கள் வாசிக்கப்பெறுகின்றன. எஞ்சிய பகுதி, அதாவது இடையர்கள் பெத்லகேமுக்கு விரைந்து சென்று குழந்தையைக் கண்ட செய்தி, விடியற்காலைத் திருப்பலிக்கு விடப்பட்டுள்ளது. நள்ளிரவில் வந்து கூடும் மக்களுள் விடியலில் மீண்டும் வருவோர் சிலரே. ஆதலால் பெரும்பாலோர் இக்கதையின் முற்பாதியை மட்டுமே ஆண்டுதோறும் கேட்டு வருகின்றனர். பிற்பாதியைக் குடிலின் முன் நின்று தாமே கற்பனை செய்துகொள்கின்றனர்.

அக்கற்பனையைப் பற்றியே ஈண்டுச் சிறிது ஆராய விழைகின்றோம்.

குடில் என்ற சொல் நமக்கு இனியது. ஓலை வேய்ந்து, வைக்கோல் பரப்பி, மாடும் கழுதையும் ஆடுகளும் நிறுத்தி, விண்மீன் ஒன்றைத் தொங்கவிட்டால்தான் நமக்குக் கிறிஸ்து பிறப்பு விழா. ஆயினும் லூக்காவின் ஏட்டில் குடில் இல்லை. மாட்டுக் கொட்டிலும் இல்லை. மாடும் கழுதையும் அங்கே பேசப்படவே இல்லை. மத்தேயுவோ ஞானியர் நுழைந்த இடத்தை வீடு என்றே குறிப்பிடுகின்றார். 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மறைச்சாட்சி யுஸ்தீனும் அவருக்குப் பின் ஒரிஜனும் குகை ஒன்றைக் குறிப்பிடுகின்றனர். அக்குகையின் மீதே பெத்லகேமில் பேராலயம் எழுந்தது. லூக்கா இவற்றுள் எதையும் சொல்லவில்லை. இடத்தைப் பற்றி அவர் நமக்குத் தரும் பொருள் ஒன்றே ஒன்றுதான். அதை அவர் 10 வசனங்களுக்குள் மும்முறை சொல்லுகின்றார். சிக்கனமாக எழுதும் ஆசிரியர் ஒருவர் ஒரு சொல்லை மும்முறை எழுதினால், படிப்பவர் அங்கே நின்று கவனிக்க வேண்டும் என்பது அவர் கருத்து.

கிரேக்க மூலத்தில் அச்சொல் 'ஃபாத்னே'. நம் திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு (1995) அதனைத் 'தீவனத் தொட்டி' என்கின்றது. சீர்திருத்தச் சபையினர் நெடுங்காலமாகப் படித்துவரும் பழைய மொழிபெயர்ப்பு 'முன்னணை' என்கின்றது. இரண்டில் எது சிறந்தது?

முன்னணை கேட்பதற்கு அழகிய சொல். மாட்டுக்கு முன்னே தீனி சிதறாதவாறு அணைகட்டிய இடம் என்பது அதன் பொருள். ஆனால் அச்சொல் இன்று மாடு வளர்ப்போரின் வாயில் வழங்குவதாகத் தெரியவில்லை. கரிசல் ஊர்களில் 'காடி' என்பர், பிற இடங்களில் 'தொட்டி' என்பர். முன்னணை என்பதோ கிறிஸ்து பிறப்புப் பாடலுக்கு மட்டுமே உரிய சொல்லாகிவிட்டது. அணை என்றால் பஞ்சணையும் நம் நினைவுக்கு வரும். எனவே அச்சொல்லைக் கேட்கும் இக்காலச் செவி, தன்னையறியாமலே ஒரு மெத்தையை விரித்துவிடுகின்றது. மாட்டின் எச்சில் படிந்த இடம் என்பது மறைந்து, துயிலுதற்கேற்ற மென்மையான ஏதோ ஒன்று தோன்றிவிடுகின்றது. நம் கோவில்கள் பலவற்றில் பாலனின் சுரூபம் பட்டு விரிப்பில் கிடப்பதும் இம்மயக்கத்தின் விளைவே எனலாம்.

தீவனத் தொட்டியில் அம்மயக்கம் இல்லை. வெளியான காலத்தில் அது கரடுமுரடான சொல், வழிபாட்டுக்கு ஒவ்வாதது என்று முணுமுணுத்தோர் உண்டு. அக்கரடுமுரடே அதன் சிறப்பு என்பது நம் கருத்து. எந்த வீட்டுப் பெண்மணியும் தீவனத் தொட்டி என்றதும் புண்ணாக்கையும் தவிட்டையும் கழுநீரையும் நினைப்பார். தொட்டிக்கும் தொட்டிலுக்கும் தமிழில் ஓர் எழுத்தே வேறுபாடு. தொட்டிலில் கிடக்க வேண்டிய குழந்தை தொட்டியில் கிடக்கின்றது என்னும் அதிர்ச்சியை, மொழிபெயர்த்தோர் எண்ணியோ எண்ணாமலோ, நம் மொழி தானாகவே தந்துவிடுகின்றது. கிரேக்கத்தில்கூட இந்நயம் இல்லை.

எனினும் பழைய மொழிபெயர்ப்பு ஒன்றைக் காத்து வைத்திருக்கின்றது. எசாயா நூலின் முதல் அதிகாரம் 3ஆம் வசனத்தில், மாடு தன் உடையவனையும் கழுதை தன் தலைவன் தீனியிடும் இடத்தையும் அறியும்; ஆண்டவருடைய மக்களோ அவரை அறியவில்லை என்னும் முறையீடு வருகின்றது. எபிரேயத்திலிருந்து கிரேக்கத்துக்குப் பெயர்த்த பழைய ஏற்பாட்டில், அவ்விடத்திலும் லூக்கா ஆளும் அதே சொல்தான் இருக்கின்றது. லூக்கா அந்நூலைப் படித்து ஊறியவர். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு எசாயாவிலும் லூக்காவிலும் முன்னணை என்றே எழுதியமையால், கூர்ந்து படிக்கும் தமிழர் அத்தொடர்பைக் கண்டுகொள்ள வழியிருந்தது. திருவிவிலியத்தில் இத்தொடர்பு சொல்லளவில் காணக் கிடைப்பதில்லை. பிரிந்த சகோதரரின் ஏட்டிலிருந்து நாம் கற்றுக்கொள்ளக்கூடிய நுட்பம் இது.

மாடும் கழுதையும் நம் குடிலுக்குள் நுழைந்த வழியும் இதுவே. மிலான் நகரில் புனித அம்புரோசியார் பேராலயத்திலுள்ள 4ஆம் நூற்றாண்டுக் கல்பேழை ஒன்றின் முகட்டில் பிறப்புக் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. அதில் மரியாவும் இல்லை, யோசேப்பும் இல்லை. துணி சுற்றிய குழந்தையும் இரு விலங்குகளும் மட்டுமே உள்ளன. பண்டைய கிறிஸ்தவர் விலங்குகளை அழகுக்காக அங்கே நிறுத்தவில்லை. தன் தலைவனை அறிந்துகொள்பவர் யார் என்னும் எசாயாவின் கேள்வியையே அவர்கள் கல்லில் பொறித்தனர். திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் 2012இல் வெளியிட்ட நூலில், நற்செய்தியில் விலங்குகள் கூறப்படவில்லை என்று எழுதியதும், குடிலில் மாட்டுக்கும் தடை போட்டுவிட்டார் என்று செய்தித்தாள்கள் ஆரவாரித்தன. எந்தக் குடிலும் அவற்றைக் கைவிடாது என்ற பொருளில் அவரே அடுத்து எழுதியதைப் படிக்கும் பொறுமை அவர்களுக்கு இல்லாமற் போயிற்று.

இனி நாம் முதன்மையாகச் சொல்ல விரும்புவதற்கு வருவோம். லூக்கா 2:7இல் குழந்தைக்கு இடமில்லாதுபோன இடம் எது? திருவிவிலியம் 'விடுதி' என்கின்றது. பழைய மொழிபெயர்ப்பு 'சத்திரம்' என்கின்றது. கதவைச் சாத்தும் கல்நெஞ்சக்காரச் சத்திரத்தான் ஒருவனை நம் நாடக மேடைகள் இதிலிருந்தே படைத்துக்கொண்டன. லூக்கா அப்படி ஒருவனைக் குறிப்பிடவே இல்லை. அவர் ஆளும் சொல் 'கதாலூமா'. தங்குமிடம், விருந்தினர் அறை என்று அதற்குப் பொருள். பாலஸ்தீன நாட்டு எளிய வீடுகளில் விருந்தினருக்கு ஓர் அறையும், குடும்பத்தார் உறங்கும் கூடத்தின் ஓரத்திலேயே இரவில் கால்நடைகளைக் கட்டும் தாழ்ந்த பகுதியும் இருந்தமையை விவிலிய அறிஞர் கென்னத் பெய்லி விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். காசு வாங்கும் சத்திரத்தைச் சொல்ல வேண்டுமானால் லூக்காவிடம் அதற்குத் தனிச்சொல் உண்டு. நல்ல சமாரியர் உவமையில் அச்சொல்லை எழுதவும் செய்கின்றார். பழைய மொழிபெயர்ப்பு இரண்டையும் சத்திரம் என்றே பெயர்த்ததால் ஒரு விந்தை நேர்ந்தது: மீட்பருக்கு இடமில்லாத சத்திரமும், அடிபட்டவனுக்கு இடம் கிடைத்த சத்திரமும் தமிழில் ஒன்றாகிவிட்டன. மறையுரைக்கு மிகவும் உதவும் தொடர்புதான்; ஆனால் அது மொழிபெயர்ப்பாளர் தந்தது, நற்செய்தியாளர் தந்ததன்று.

நற்செய்தியாளர் தந்த தொடர்பு வேறு. கதாலூமா என்னும் சொல்லை லூக்கா தம் நற்செய்தியில் இன்னும் ஒரே ஓர் இடத்தில்தான் ஆளுகின்றார். அது 22ஆம் அதிகாரம் 11ஆம் வசனம். இயேசு தம் சீடரோடு பாஸ்கா விருந்துண்ண அறை தேடும் இடம். பிறந்தபோது அவருக்குக் கிடைக்காத அந்த அறையை, இறப்பதற்கு முந்திய இரவில் அவரே கேட்டுப் பெறுகின்றார். அங்கே அப்பத்தை எடுத்துத் தம் உடலெனக் கொடுக்கின்றார். கிரேக்கம் அறிந்த முதல் வாசகர் இவ்விரு அறைகளையும் சேர்த்துப் பார்க்க இயன்றது. தமிழில் ஒன்று விடுதி, மற்றொன்று வெறும் அறை. நூல் இழை அறுந்துவிட்டது.

இன்னும் ஒன்று. மரியா குழந்தையைக் கிடத்தினார் என்னுமிடத்தில் லூக்கா எழுதும் வினைச்சொல்லுக்குப் படுக்கவைத்தல் என்பதே பொதுவான பொருள். ஆயினும் 12:37இல், விழித்திருக்கும் பணியாளரைத் தலைவரே பந்தியில் அமரச் செய்து பரிமாறுவார் என்னுமிடத்திலும் அதே சொல்லே வருகின்றது. அக்கால மக்கள் விருந்தில் சாய்ந்து படுத்தவாறு உண்டமையால் ஒரே சொல் இரண்டுக்கும் பொருந்திற்று. இதனை மிகையாக வற்புறுத்தல் கூடாது. ஒரு தாய் குழந்தையைக் கிடத்துவதற்கு வேறெப்படித்தான் எழுதுவது? எனினும் தீனியிடும் தொட்டி, விருந்தறை, பந்தி என்று சொற்கள் ஒரே திசையில் நகர்வதைக் காணாமல் இருக்க இயலவில்லை. பெத்லகேம் என்ற பெயருக்கு அப்பத்தின் வீடு என்று பொருள் கூறுவர். தொட்டியில் கிடத்தப்பட்டவர் நமக்கு உணவானார் என்று புனித அகுஸ்தீன் மறையுரைத்ததை, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2019ஆம் ஆண்டு குடிலைப் பற்றி வரைந்த திருத்தூது மடலில் நினைவூட்டியுள்ளார்.

அம்மடல் கையொப்பமான இடம் கிரேச்சியோ. புனித அசிசி பிரான்சிஸ் 1223இல் முதற்குடில் அமைத்த ஊர் அது. அங்கு அவர் செய்ததைச் செலானோ தோமா எழுதிவைத்திருக்கின்றார். குகையில் ஒரு தீவனத் தொட்டி, அதில் வைக்கோல், பக்கத்தில் உயிருள்ள மாடும் கழுதையும். பாலனின் சுரூபம் இல்லை. மரியா, யோசேப்பு வேடமிட்டோரும் இல்லை. அத்தொட்டியின் மேல் குருவானவர் திருப்பலி நிறைவேற்றினார். பிரான்சிஸ் திருத்தொண்டராய் நின்று நற்செய்தியைப் பாடினார். குழந்தை எங்கே என்று கேட்டவருக்குப் பீடத்தின் மேலிருந்த அப்பமே விடை. இன்றோ நள்ளிரவுத் திருப்பலியில் நற்கருணை வாங்கிய கையோடு மக்கள் பாலனை முத்தி செய்யக் குடிலுக்கு முண்டியடித்துச் செல்கின்றனர். தெர்மோகோலால் மலையும், மின்விசையால் சுழலும் நீரூற்றும் அமைத்துக் குடில் போட்டி நடத்திப் பரிசும் வழங்குகின்றோம். உழைத்துக் குடில் கட்டும் இளைஞரைக் குறைசொல்வது நம் நோக்கமன்று. ஆனால் போட்டிக்கு வந்த குடில்களுள் எத்தனையில் தீவனத் தொட்டி இருந்தது என்று நடுவர்கள் பார்த்ததுண்டா?

தொட்டி போனால் பந்தி போய்விடும். பந்தி போனால் குழந்தையின் ஏழ்மை கண்டு இரங்குவது மட்டுமே மிஞ்சும். இரக்கம் தீங்கற்றது, யாரையும் எதையும் மாற்றச் சொல்லாது. பந்தியோ யாரோடு உண்கின்றாய் என்று கேட்கும். ஒரே பீடத்திலிருந்து ஒரே அப்பத்தை உண்டவர், கோவில் வாயிலைக் கடந்ததும் ஒருவர் வீட்டில் மற்றவர் கை நனைக்காத ஊர்கள் நம்மிடையே உள்ளன. சாதியை நாம் கல்லறைத் தோட்டம் வரை கொண்டுபோய் வைத்திருக்கின்றோம் என்பது மறைக்கத்தக்க செய்தியன்று. டிசம்பர் மாதத்தில் கேரல் குழு எல்லாத் தெருக்களுக்கும் செல்கின்றது. எல்லா வாசலிலும் பாடுகின்றது. ஆனால் எந்தத் தெருவில் உட்கார்ந்து பலகாரம் உண்கின்றது, எந்தத் தெருவில் நேரமாகிவிட்டதென்று கூறி நின்றவாறே புறப்படுகின்றது என்பதை 25 ஆண்டுகளுக்கு மேலான பங்குப் பணியில் கண்டே வருகின்றோம். அந்தத் தெருவில் ஒரு தாய் முறுக்கும் அதிரசமும் தட்டில் அடுக்கிக் காத்திருப்பார். தட்டு அப்படியே உள்ளே போகும். கதாலூமாவில் இடமில்லை என்னும் வசனத்துக்கு இதைவிடச் சிறந்த விரிவுரையை எந்த விவிலிய அறிஞரும் எழுதிவிட முடியாது.

நற்செய்தியாளர் 'ஃபாத்னே' என்னும் சொல்லை நான்காம் முறையும் ஆளுகின்றார் என்பது பலர் கவனத்துக்கு வராத ஒன்று. 13ஆம் அதிகாரத்தில், 18 ஆண்டுகளாகக் கூனிப்போயிருந்த பெண்ணை இயேசு ஓய்வுநாளில் நிமிரச் செய்கின்றார். தொழுகைக்கூடத் தலைவர் சினந்துகொள்கின்றார். ஓய்வுநாளிலும் உங்கள் மாட்டையும் கழுதையையும் கட்டவிழ்த்துத் தண்ணீர் காட்டுகிறீர்களே, ஆபிரகாமின் மகளாகிய இவளைக் கட்டவிழ்க்கக்கூடாதா என்று இயேசு கேட்கின்றார். அவ்விலங்குகள் அவிழ்க்கப்படுவது 'ஃபாத்னே'யிலிருந்துதான். மாடும் கழுதையும் தொட்டியும் ஒன்றுசேரும் காட்சி ஆக லூக்காவிலேயே இருக்கின்றது. ஆனால் பிறப்பு இரவில் அன்று, ஒரு பெண்ணின் கட்டு அறுந்த நாளில். நம் மொழிபெயர்ப்புகள் இங்கே 'தொழுவம்' என்கின்றன. கிரேக்கச் சொல் இரண்டையும் குறிக்குமாதலின் அதைப் பிழையெனச் சொல்வதற்கில்லை. ஆயினும் இனிவரும் திருத்தப் பதிப்பில் 13:15இலும் தீவனத் தொட்டி என்றே இடலாம். அது இயலாதெனில், 2:7க்கும் 13:15க்கும் எசாயா 1:3க்கும் ஒரே ஓர் அடிக்குறிப்பாவது சேர்க்கலாம். 2:7இன் விடுதிக்கும் 22:11இன் அறைக்கும் மற்றொன்று. இரண்டு வரிக்கு மேல் இடம் பிடிக்காது.