அல்லங்காடியும் அயலார் கண்ணும்: பிரித்தானிய 'ஃபிரீ சினிமா' ஆவணப்படங்கள் குறித்து வில்லரேயிலிருந்து ஒரு மறுநோக்கு

1956ஆம் ஆண்டு பெப்ரவரி 5 முதல் 8 வரை இலண்டன் தேசியத் திரைப்பட அரங்கில் மூன்று படங்கள் 'ஃபிரீ சினிமா' என்னும் பொதுத் தலைப்பின்கீழ்த் திரையிடப்பட்டன. அவை மார்கேட் கடற்கரைக் கேளிக்கைப் பூங்காவைக் காட்டும் லிண்ட்சே அன்டர்சனின் 'ஓ டிரீம்லாண்ட்', வடஇலண்டன் ஜாஸ் மன்றம் ஒன்றின் மாலைப்பொழுதைக் காட்டும் கரெல் ரைஸ், டோனி ரிச்சர்ட்சன் ஆகியோரின் 'மம்மா டோன்ட் அலவ்', கிழக்கு இலண்டன் துறைமுகத் தெருக்களில் வாழும் காதுகேளாத, வாய்பேசாத தொழிலாளர் இருவரின் கதையான லொரென்சா மற்செட்டியின் 'டுகெதர்'. இடமின்மையால் பலர் திரும்பிச் செல்ல நேர்ந்தது என்பது பதிவான செய்தி. 1959 மார்ச்சில் ஆறாம் நிகழ்ச்சியோடு இவ்வியக்கம் தன்னை முடித்துக்கொண்டது. தமிழில் 'கட்டற்ற சினிமா' எனக் குறிக்கத்தக்க இம்மூன்றாண்டு முயற்சி, பிரித்தானியப் பொதுமக்களின் அன்றாட வாழ்வைத் திரைக்குக் கொணர்ந்ததெனத் திரைப்பட வரலாற்று நூல்கள் ஒருமுகமாகக் கூறும். அக்கூற்று தவறன்று, எனினும் யாருடைய அன்றாடம், யாருடைய கண்ணால், யாருடைய பணத்தால் என்னும் வினாக்கள் எஞ்சி நிற்கின்றன. இவ்வினாக்களை மொன்றியல் நகரின் வில்லரேயிலிருந்து எழுப்புவதற்குத் தக்க காரணம் உண்டு.

வில்லரே, வெளிப்புறப் படிக்கட்டுகள் கொண்ட இரண்டு மூன்று அடுக்கு வீடுகளால் அடையாளம் காணப்படும், பிரெஞ்சு மொழித் தொழிலாளர் குடியிருப்பாக வளர்ந்த பகுதி. 2002 முதல் அது வில்லரே–சென் மிசேல்–பார்க் எக்ஸ்டென்ஷன் என்னும் ஒரே நிருவாகப் பிரிவின் பெயரிலே முதற்சொல்லாக நிற்கிறது. ஜாரி பூங்காவுக்கும் தொடருந்துப் பாதைக்கும் மேற்கே உள்ள பார்க் எக்ஸ்டென்ஷனில் ஈழத்தமிழர் கடைகளும் குடும்பங்களும் செறிந்துள்ளன. இப்பிரிவுக்கு அணித்தேயுள்ள சென் லோரான் பகுதியில்தான் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் 1956இல் ஒட்டாவாவிலிருந்து பெயர்ந்து வந்து தங்கிற்று. அவ்வாரியம் 1939இல் உருவாக வழிவகுத்து அதன் முதல் ஆணையராகப் பொறுப்பேற்ற ஜோன் கிரியர்சனே பிரித்தானிய ஆவணப்பட மரபின் தந்தை எனப்படுபவர். அவர் தயாரித்த படங்களுள் புகழ்மிக்கது இலங்கையில் எடுக்கப்பட்டது. இலண்டன், இலங்கை, மொன்றியல் என்னும் மூன்று புள்ளிகளையும் இணைக்கும் கோடு, ஆகவே, கட்டுரைக்காக வலிந்து வரைந்ததன்று.

அன்டர்சன் குழுவினர் கிரியர்சன் மரபுக்கு மாறாகவே தம்மை நிறுத்திக்கொண்டனர். அரசின் அறிவுரையைப் படமாக்குவதை அவர்கள் ஏற்கவில்லை. படம் எவ்வளவு தன்வயமானதாயினும் தகும். படிமமே பேசவேண்டும், ஒலி அதனைப் பெருக்கி விளக்குதல் போதும். குறையற்ற செய்ந்நேர்த்தி இலக்கன்று என்பன அவர்தம் அறிக்கையின் சாரம். செய்ந்நேர்த்தி பற்றிய துறவில் வறுமையின் பங்கும் உண்டு. தொடக்கக்காலப் படங்கள் பலவும் சாவி முறுக்கி இயக்கும் 16 மி.மீ. பொலெக்ஸ் கருவியால் எடுக்கப்பட்டவை. ஒருமுறை முறுக்கினால் ஏறத்தாழ 22 விநாடிகளே ஓடும். உருவத்தோடு ஒலியை ஒருங்கே பதிதல் அவர்களுக்கு எளிதாக இல்லை. எனவே இப்படங்களின் மக்கள் ஆடுகின்றனர், உண்கின்றனர், சுமை தூக்குகின்றனர், நெடிதாகப் பேசுவதில்லை. வால்டர் லசாலியின் ஒளிப்பதிவும் ஜோன் ஃபிளெச்சரின் ஒலிக்கோவையும் இக்குறையை அழகாக மாற்றின என்று பாராட்டுவது வழக்கம். அழகாக மாற்றப்பட்ட பின்பும் அது குறையே.

இவ்வியக்கத்தின் உச்சம் 1957இல் அன்டர்சன் எடுத்த 'எவ்ரி டே எக்செப்ட் கிறிஸ்மஸ்'. இலண்டன் கோவென்ட் கார்டன் காய்கனி, மலர்ச் சந்தையின் ஓரிரவையும் அடுத்த முற்பகலையும் அது தொடர்கிறது. நள்ளிரவில் வானொலி தன் ஒலிபரப்பை முடிக்கும் வேளையில், நாட்டுப்புறத்திலிருந்து சரக்கு ஏற்றிய வண்டிகள் நகர் நோக்கிப் புறப்படுகின்றன. நாடு உறங்கத் தொடங்கும்போது படம் விழிக்கிறது. பெட்டிகள் இறக்கப்படுகின்றன; பூக்களும் கனிகளும் அடுக்கப்படுகின்றன; தேநீர்க்கடையில் களைத்த முகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன; விடிந்தபின் கடைக்காரர்களும், கடைசியில் மலிவுக்கு வாங்கும் பூக்காரிகளும் வந்து சேர்கின்றனர். கதை என ஒன்று இல்லை. பொழுதே கதை.

தமிழ் மாணவர்க்கு இவ்வமைப்பு புதிதன்று. பத்துப்பாட்டுள் நீளமானதாகிய மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் நாளங்காடியையும் அல்லங்காடியையும் காட்டி, இரவை யாமம் யாமமாகப் பகுத்து நகரின் வினைகளைச் சொல்லிச் செல்கிறார். கடை அடைப்போர், தம் பண்டங்களின் அருகிலேயே உறங்கிவிழும் அப்ப வணிகர், கள்வர், அவரைத் தேடும் காவலர், விடியலில் கதவு திறக்கும் மனைகள் ஆகிய அனைவரும் பெயரின்றித் தத்தம் தொழிலால் மட்டுமே அங்கு அறியப்படுகின்றனர். அன்டர்சனின் சந்தையும் அவ்வாறே வேளைகளால் கட்டப்பட்டது. ஆனால் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. அவர் சந்தையாட்களைப் பெயர் சொல்லிக் காட்டுகிறார். பெண் சுமைதூக்கியான ஆலிஸ் என்பவள் ஆலிஸாகவே நிற்கிறாள். தொல்காப்பியர் தொழிலையும் உணவையும் கருப்பொருளுள் அடக்கினார். கருப்பொருள் உரிப்பொருளுக்குப் பின்புலம். அன்டர்சன் கருப்பொருளையே உரிப்பொருளாக்க முயன்றார் எனலாம். மூட்டை சுமப்பவனுக்குப் பின்னே வேறொரு தலைவனும் தலைவியும் இல்லை. அவனே பாட்டுடைத் தலைவன்.

இம்முயற்சியின் நேர்மையை மறுத்தற்கில்லை. ஆயினும் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கும்போது ஓர் இன்மை உறுத்துகிறது. அச்சந்தையில் கூலிப் பேச்சு இல்லை, முதலாளிக்கும் சுமைதூக்கிக்கும் பூசல் இல்லை, முதுகுவலி இல்லை. எல்லோரும் எல்லோரோடும் இணங்கியே இரவைக் கழிக்கின்றனர். படத்திற்குப் பணம் கொடுத்தது ஃபோர்ட் மோட்டார் நிறுவனம் என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். தம் வண்டிகளைப் பற்றிய படத்தை எதிர்பார்த்தவர்களைச் சந்தையைப் பற்றிய படத்திற்கு இசைவித்தது அன்டர்சனின் திறமை. அதற்கு வெனிஸ் விழாவில் பரிசும் கிட்டியது. ஆனால் புரவலரிடம் கடுமொழி சொல்லும் துணிவு அதில் காணப்படவில்லை. மருதனார் பாடியதும் புரவலனாகிய பாண்டியன் நெடுஞ்செழியனைத்தான். அந்நகரின் வளமெல்லாம் சொல்லப்பட்டது நிலையாமையை அவனுக்கு உணர்த்துதற்பொருட்டு. அங்காடி வருணனை அங்கே ஓர் அறிவுரையின் உறுப்பு. கோவென்ட் கார்டனில் அது வருணனையாகவே நின்றுவிடுகிறது.

புரவலர் வினா இலங்கைத் தொடர்பில் இன்னும் கூர்மையாகிறது. கிரியர்சன் தயாரிப்பில் பசில் ரைட் இயக்கிய 'சோங் ஒஃப் சிலோன்' 1934இல் இலங்கைத் தேயிலைப் பிரசார சபைக்காக எடுக்கப்பட்டது. அப்படத்தின் உரை, கண்டி அரசில் ஏறத்தாழ இருபதாண்டுகள் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலிலிருந்து பெறப்பட்டு, லயனல் வென்ட்டின் குரலில் ஒலிக்கிறது. இத்தேர்வை ஒரு கலைத்துணிவாகப் போற்றாத விமரிசகர் அரியர். ஆனால் நொக்ஸின் காலத்தில் மலையகத்தில் தேயிலை இல்லை. வணிகத் தேயிலைப் பயிர்ச்செய்கை லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலரால் தொடங்கப்பட்டது 1867இல். கோப்பிக்கும் பின் தேயிலைக்கும் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரைப் பற்றி 1681ஆம் ஆண்டின் சொற்கள் எதுவும் சொல்ல இயலாது. தேயிலைப் பணத்தில் உருவான படத்தில், தேயிலை பறிக்கும் கைகள் காணப்படலாம். அக்கைகளுக்குரியோர்க்கான சொல்லை உரை முன்கூட்டியே இழந்துவிட்டது. வணிகத்தின் குரல்கள் என்னும் மூன்றாம் பகுதியில் சந்தை விலைகளும் தந்தி ஒலிகளும் படிமங்கள்மேல் அடுக்கடுக்காக ஒலிப்பது உண்மையிலேயே சிறந்த கலை. கொழுந்து பறிப்பவள் பேசியிருந்தால் அக்கலை குலைந்திருக்குமா என்பதை இரசிகர்கள் கேட்டுக்கொள்ளலாம்.

'ஓ டிரீம்லாண்ட்' பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. பன்னிரண்டு நிமிடங்களில் அன்டர்சன் மலிவான கேளிக்கையின்மீது கொண்ட அருவருப்பு, கேளிக்கைக்கு வந்த மக்களின்மீதும் தெறிக்கிறது. இயந்திரப் பொம்மையின் சிரிப்பு அவர்களை நோக்கியே ஒலிப்பதுபோல் தொகுக்கப்பட்டுள்ளது. ரைஸின் 'வி ஆர் த லாம்பெத் போய்ஸ்' இதனினும் கனிவானது. ஃபோர்ட் பணத்திலேயே எடுக்கப்பட்டதாயினும், தென்இலண்டன் இளைஞர் மன்றமொன்றின் சிறுவர்களைத் தமக்குள் வாதாட விடுகிறது. அவர்கள் பேசத் தொடங்கியதும் படத்தின் தரமே மாறிவிடுகிறது.

இனி, இவ்வியக்கம் பற்றிய பேச்சில் ஓரமாகவே சொல்லப்படும் ஒரு செய்தியை நடுவே வைத்து நோக்க வேண்டும். கரெல் ரைஸ் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து 1938இல் பன்னிரண்டு வயதில் அடைக்கலம் தேடி வந்த யூதச் சிறுவன். லசாலி பெர்லினில் பிறந்து அகதியாக வந்தவர். மற்செட்டி இத்தாலியர். பிக்கடிலி வட்டத்தின் சனிக்கிழமை இரவைப் படமாக்கிய 'நைஸ் டைம்' சுவிற்சர்லாந்தினரான கிளோட் கொரெட்டா, அலன் டானர் ஆகியோருடையது. 1959இல் இறுதி நிகழ்ச்சியில் இடம்பெற்ற 'ரெஃபியூஜ் இங்கிலாந்து' படத்தை இயக்கிய ரொபர்ட் வாஸ், 1956ஆம் ஆண்டு எழுச்சிக்குப் பின் ஹங்கேரியை விட்டு வெளியேறியவர். மிகுந்த பிரித்தானியத் தன்மை உடையதெனக் கொண்டாடப்படும் அன்றாடத்தைக் கண்டெடுத்தவருள் பாதிப்பேர் அயலார். ஊரார்க்குப் பழகிப்போனதால் கட்புலனாகாத தேநீர்க்கோப்பையும் வரிசையும் வாசற்படியும் வந்தவர்க்கே தெரிந்தன.

'ரெஃபியூஜ் இங்கிலாந்து' இக்கட்டுரைக்குச் சிறப்பாக வேண்டப்படுவது. ஆங்கிலமறியா அகதி ஒருவன் முதல்நாள் இலண்டனில் வந்திறங்குகிறான். கையில் ஓர் அஞ்சலட்டை. அதன் பின்புறம் ஒரு முகவரி. அம்முகவரியில் தெருப்பெயர் உண்டு, பகுதி இல்லை. நகரிலோ அதே பெயரில் பல தெருக்கள். ஒவ்வொன்றாகத் தேடி அவன் நடக்கும் நடையே படம். வாஸின் ஒளிப்படக்கருவி அவனுக்காக இரங்குவதில்லை. அவன் காண்பவற்றை அவனோடு காண்கிறது. அகதி பார்க்கப்படும் பொருளாகாமல் பார்ப்பவனாகும் அரிய தருணம் அது. மொன்றியலில் வந்திறங்கிய எந்தத் தமிழரும் இந்நடையின் களைப்பை விளக்கமின்றியே உணர்வர்.

மொன்றியலிலும் இவ்வினா தன் வழியில் எழுந்தது. தேசியத் திரைப்பட வாரியத்தின் ஆங்கிலப் பிரிவினர் 1958இல் 'கேன்டிட் ஐ' என்னும் தொடரைத் தொடங்கியபோது, கார்ட்டியே–பிரசோனின் ஒளிப்படங்களோடு ஃபிரீ சினிமாவும் அவர்கள் முன் இருந்தது. அதே ஆண்டில் மிசேல் புரோவும் ஜில் குரூவும் 'லே ராகெத்தேர்' என்னும் படத்தில் பனிமிதியடி அணிந்து கூடியோரை, தொலைவில் மறைந்து நிற்கும் நெடுவில்லையால் அன்றி, அகல்வில்லையோடு கூட்டத்தினுள்ளே நுழைந்து பதிந்தனர். வில்லையின் தொலைவு உறவின் தொலைவு என்பதைப் பிரெஞ்சு மொழியினர் விரைந்து உணர்ந்தனர். அவர்களே அதுவரை பிறரால் பார்க்கப்பட்டவர்கள். எனினும் அருகே செல்வதும் முழுத்தீர்வன்று. 1961 செப்டெம்பர் 5ஆம் நாளை மொன்றியலின் சென் ஹென்றி தொழிலாளர் பகுதியில் பல ஒளிப்பதிவாளர்கள் பதிந்து, உய்பேர் அக்கேன் இயக்கத்தில் வெளிவந்த படம், தம்மை வறியராகக் காட்டிவிட்டதென்று அப்பகுதியினர் பலரின் மனத்தைப் புண்படுத்திற்று. ஒரே மொழி பேசும் அறிஞர்களும் ஒரு தெருவுக்கு அயலாராதல் கூடும்.

1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரு உயிர்காப்புப் படகுகளிலிருந்து 155 தமிழர் மீட்கப்பட்டபோது கனடியத் திரைகளில் தமிழர் தோன்றினர். 2010இல் 492 பேரோடு 'சன் சீ' கப்பல் மேற்குக்கரையை அடைந்தபோது மீண்டும் தோன்றினர். படகு, போர்வை, விசாரணை என்னும் மூன்று படிமங்களுக்கு இடையே இருபத்து நான்கு ஆண்டுகள் கிடக்கின்றன. அவ்வாண்டுகளில் ஷபனேல் தெருத் தையற்கூடங்களும் உணவகங்களின் பின்கட்டுகளும் இருந்தன. ஜாரி தெருப் பேருந்தின் முதல் ஓட்டமும், பனியேறிய வெளிப்படியில் அரிசிமூட்டையை ஏற்றும் இருவரும் இருந்தனர். செய்திக்கருவிக்கு இவை நிகழ்ச்சிகள் அல்ல. ஃபிரீ சினிமாவுக்கு இவையே நிகழ்ச்சிகள்.

ஆகவே வில்லரேயில் இன்று தமிழ் இளைஞர் ஒருவர் கருவியை எடுப்பாராயின், அன்டர்சனிடமிருந்து வேளைகளால் கட்டும் முறையையும் பெயர் சொல்லும் மதிப்பையும் கொள்ளலாம். அவருடைய பூசலற்ற இரவைக் கொள்ளவேண்டியதில்லை. 22 விநாடித் தடை இப்போது எவர்க்கும் இல்லை. பேச்சைப் பதியாமைக்குச் சாக்கும் இல்லை. ஜோன் தாலோன் சந்தை 1933 முதல் வில்லரேயின் தென்னெல்லையில் இயங்கிவருகிறது. விடியுமுன் அங்கே பெட்டி இறக்குவோர் எம்மொழியில் ஒருவரையொருவர் விளிக்கின்றனர், கூலி பற்றி என்ன சொல்கின்றனர் என்பதைக் கேட்டுப் பதிதலும், பதிந்ததை ஊர்க்கு முன்னர் அவர்களுக்கே போட்டுக் காட்டுதலும் அப்படத்தின் முதல் இரு வேலைகளாகும்.