அகராதி மூடியே இருக்கட்டும்

ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' (2004) போன்ற நாவலைக் கையில் எடுத்தால், கடலோரம் அறியாத வாசகருக்குப் பக்கத்துக்குப் பக்கம் புதுச் சொல் முட்டும். நெய்தல் நிலத்துப் புழங்குமொழி அப்படி. பின்னிணைப்பைத் தேடி ஓடாமல் தொடர்ந்து வாசிப்பதில்தான் ருசி.

'அணியத்தில் நின்றவன்மேல் முதல் அலை அடித்தது. பின்னால் இருந்தவன் நனையவில்லை' என்று ஒரு வாக்கியம் வருவதாக வைத்துக்கொள்வோம். அணியம் எது? 'இல்' என்ற உருபு அது ஓர் இடம் என்று சொல்லிவிட்டது. முதலில் நனைகிறவன் முன்னால்தான் நிற்க வேண்டும். படகின் முன்பகுதி, அவ்வளவுதான். வேற்றுமை உருபும் வினைமுற்றும் தமிழில் இப்படிக் காட்டிக்கொடுத்துக்கொண்டே இருக்கும். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

ஈழத்துக் கதைகளில் கச்சான் வரும். கோயில் திருவிழாவில் அதை வறுத்து விற்றால் நிலக்கடலை. கரையில் நிற்பவர் 'கச்சான் பேர்ந்திட்டுது' என்றால் அது காற்று, மேற்கிலிருந்து வருவது. ஒரே சொல்தான், பக்கத்து வினை மாறியதும் ஆளே மாறிவிடுகிறது.

எல்லாம் இப்படிப் பிடிபடாது. மீன் பெயரென்றால் ஏதோ ஒரு மீன் என்ற அளவில்தான் தெரியும். செதில் உண்டா, முள் அதிகமா என்பதெல்லாம் தெரியாது. கதைக்கு அது போதும், குழம்புக்குத்தான் போதாது. கரிசல் சொற்களுக்குக் கி. ராஜநாராயணன் தனி அகராதியே தொகுத்து வைத்திருக்கிறார். அதை நான் கதை முடிந்த பிறகுதான் புரட்டுவேன், ஊகம் தேறியதா என்று பார்க்க.